வாய்ப்புற்றுத் தடுப்பின் வரலாறு: நெய்யூர் முதல் அச்சரப்பாக்கம் வரை

மனித உடலைப் பற்றும் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை கண்ணுக்கு எட்டாத உள்ளுறுப்புகளில் தோன்றுபவை. அவற்றைக் கண்டறியக் கதிர்ப்படமும் ஆய்வுக்கூடமும் வேண்டும். வாய்ப்புற்றுநோயோ வாயைத் திறந்தால் தெரியும் இடத்திலேயே பிறக்கிறது. நல்ல வெளிச்சமும் பயிற்சி பெற்ற ஒருவரின் கண்களும் சில நிமிடப் பொழுதும் இருந்தால் அதன் முதல் அடையாளத்தைக் காண இயலும். ஆயினும் உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1.4 லட்சம் பேர் உதடு, வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தனர். எளிதில் காணத்தக்க ஒரு நோய் இத்துணைப் பேரைப் பலிகொள்வது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடுவோர் நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாற்றைப் புரட்ட வேண்டியுள்ளது. அவ்வரலாற்றின் முதன்மையான ஏடுகள் பல தமிழ் மண்ணில் எழுதப்பட்டவை.

தாம்பூலமும் புகையிலையும்

வெற்றிலையும் பாக்கும் தமிழர் வாழ்வில் மிகப் பழமையானவை. சிலப்பதிகாரத்தில் மாதரியின் மனையில் உணவு உண்ட கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் அளித்த காட்சியை இளங்கோவடிகள் காட்டுகிறார். மணவினையிலும் விருந்திலும் தாம்பூலம் மங்கலப் பொருளாக நின்றது, இன்றும் நிற்கிறது. புகையிலை அவ்வாறன்று. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது, போர்த்துகீசியரின் கப்பல்கள் இந்தியக் கரைக்கு வந்த பின்னரே இங்குப் பரவியது. சில தலைமுறைகளுக்குள் அது வெற்றிலைச் சுருளுக்குள் புகுந்து, தாம்பூலத்தின் பழமையைத் தனக்கும் போர்வையாக்கிக் கொண்டது.

இதனைக் கொண்டு புகையிலையை நீக்கிய தாம்பூலம் தீங்கற்றது என்று முடிவு கட்டுவதற்கும் இடமில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் அங்கமாகிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சுருள் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985இல் அறிவித்தது. பின்னர்க் கிடைத்த சான்றுகளை ஆராய்ந்து, புகையிலை சேராத வெற்றிலைச் சுருளும் பாக்கும் கூட மனிதருக்குப் புற்றுநோய் தருபவையே என்று 2004இல் வெளியிட்ட தொகுதியில் உறுதி செய்தது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் வாயின் உட்தோலை நார்போல் இறுகச் செய்கிறது. சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையை உயர்த்தி, நஞ்சுகள் தசைக்குள் ஏறுவதை எளிதாக்குகிறது. புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்கள் நேரடியாகவே புற்றுக்கு வித்திடுகின்றன. இவை மூன்றும் கன்னத்தின் ஓரிடத்தில் மணிக்கணக்கில் அடக்கி வைக்கப்படும்போது, அவ்விடமே நோயின் களமாகிறது.

நெய்யூர் மருத்துவர்களின் பதிவுகள்

இவ்வுண்மையை முதலில் எதிர்கொண்டவர்கள் தென்னிந்திய மருத்துவமனைகளில் கத்தி பிடித்த அறுவை மருத்துவர்களே. 1902இல் சென்னைப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த நிப்ளாக் என்பவர் இந்தியாவில் காணும் புற்றுநோய் குறித்து எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கக் காலச் சான்றுகளுள் ஒன்று. அதனினும் விரிவான பதிவுகள் தெற்கே நெய்யூரில் எழுந்தன. அன்று தென்திருவிதாங்கூராக இருந்து, 1956 முதல் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டமாக விளங்கும் பகுதியில், இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838இல் நெய்யூரில் தொடங்கியது. அங்குப் பணிபுரிந்த ஃபெல்ஸ் என்ற மருத்துவர், தென்னிந்தியாவில் வாய்ப்புற்றுக்குச் செய்த 209 அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்து 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் பென்டால் என்பவரும் திருவிதாங்கூர்ப் புற்றுநோய் பற்றி அவ்விதழில் எழுதினார். ஐரோப்பிய மருத்துவமனைகளில் அரிதாகக் காணப்பட்ட கன்னப் புற்று, நெய்யூரில் அன்றாடக் காட்சியாக இருந்தது.

1933இல் நெய்யூரைச் சேர்ந்த ஓர் என்பவர், வெற்றிலை பாக்கு மெல்லுவோரிடம் காணும் வாய்ப்புற்றின் காரணம், இயல்பு, சிகிச்சை ஆகியவற்றை ஆராய்ந்து லான்செட் இதழில் எழுதினார். அவருடன் அங்குப் பணியாற்றிய ஹோவர்ட் சாமர்வெல், 1922, 1924ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற மலையேற்ற வீரர். முதற்பயணத்தின் முடிவில் நெய்யூருக்கு வந்து நோயாளர் கூட்டத்தைக் கண்டவர், இலண்டனில் தமக்குக் காத்திருந்த வாய்ப்புகளை விடுத்து இங்கேயே தங்கினார். அறுவையாலும் ரேடியக் கதிராலும் வாய்ப்புற்றைக் குணப்படுத்த முயன்றார். எனினும் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே வந்தனர். முற்றிய நோயை அகற்ற எத்துணைத் திறன் வேண்டும் என்பதையும், அத்திறனுக்கும் எல்லை உண்டு என்பதையும் நெய்யூர்ப் பதிவுகள் உணர்த்தின. 1944இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையின் கானோல்கர் தொடர்ச்சியாக வந்த 1,000 வாய்ப்புற்று நோயாளரை ஆராய்ந்து எழுதியபோது, நோய் இந்தியாவின் ஒரு மூலைக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாயிற்று.

அடையாற்றில் 12 படுக்கைகள்

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றவரும், சென்னை மாகாணச் சட்ட மேலவையின் துணைத் தலைவராகப் பணியாற்றியவருமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரம் அவரைப் பல்லாண்டு உழைக்கச் செய்தது. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு ஊர்தோறும் நன்கொடை திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதன் இரு தூண்களாயினர்.

அவ்விருவரும் சிகிச்சையோடு நின்றுவிடவில்லை. வாய்ப்புற்றுக்குக் காரணமாகும் பழக்கங்களை ஆராய்ந்து 1959இல் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் கட்டுரை வெளியிட்டனர். 1963இல் அவ்வாய்வை மேலும் விரித்தனர். புகையிலை மெல்லும் பழக்கத்திற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பு சென்னையின் நோயாளரைக் கொண்டே நிறுவப்பட்டது. 1981இல் சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்ட பின், எவ்வகைப் புற்று எத்துணைப் பேருக்கு வருகிறது என்பது ஆண்டுதோறும் கணக்கிடப்பட்டது. 2002இல் புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் மையம் ஒன்றும் அங்கு அமைந்தது. 2021 ஜனவரி 19 அன்று மறையும் வரை டாக்டர் சாந்தா, புகையிலையை ஒழிப்பதே புற்றுநோய்த் தடுப்பின் முதற்படி என்பதை இடைவிடாது வலியுறுத்தி வந்தார்.

காஞ்சியின் தலைமகன்

புகையிலையின் தீங்கு தமிழகத்தின் ஒவ்வொரு வீட்டிற்கும் தெரியவந்த ஒரு நிகழ்வு 1969இல் நேர்ந்தது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரத்தில் பிறந்து, 1967 மார்ச்சில் முதலமைச்சரான அறிஞர் அண்ணா, வெற்றிலை, புகையிலை, மூக்குப்பொடிப் பழக்கங்கள் உடையவர் என்பது பலரும் அறிந்ததே. அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டது. 1968 செப்டம்பரில் நியூயார்க் சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். சில மாதங்களில் நோய் மீண்டும் தலைதூக்க, 1969 பிப்ரவரி 3 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 59. முதலமைச்சராக அவர் பணியாற்றியது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவே. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை நிறுவப்பட்டது. வடதமிழக மக்கள் சென்னைக்குச் செல்லாமலே சிகிச்சை பெறும் இடமாக அது விளங்குகிறது. உணவுக்குழாய்ப் புற்றும் வாய்ப்புற்றும் வேறு வேறு நோய்களே எனினும், புகையிலை இரண்டிற்கும் பொதுவான காரணம்.

ஊர்தோறும் நடந்த ஆய்வுகள்

மருத்துவமனைக்கு வருவோரைக் கொண்டு காரணத்தை அறியலாம். நோய் வருமுன் தடுக்க வேண்டுமாயின் மக்கள் வாழும் ஊருக்கே செல்ல வேண்டும். இப்பணியைப் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபாலி மேத்தாவும் டென்மார்க்கின் பிண்ட்பர்க்கும் மேற்கொண்டனர். 1966இல் தொடங்கி எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பவநகர், சிங்பூம், தர்பங்கா ஆகிய ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 50,000 கிராம மக்களின் வாய் பரிசோதிக்கப்பட்டது. புற்றுநோய் பெரும்பாலும் திடீரெனத் தோன்றுவதில்லை என்பதும், வெண்படலம், செம்படலம், வாய் திறக்க இயலாதபடி உட்தோல் இறுகும் நார்த்திசு நோய் ஆகிய முன்னிலைகள் அதற்கு முந்துகின்றன என்பதும் இவ்வகை ஆய்வுகளால் உறுதிப்பட்டன. இம்முன்னிலைகளே மனிதருக்குக் கிடைக்கும் அவகாசம்.

அடுத்த கேள்வி, அறிவுரையால் பயன் உண்டா என்பது. எர்ணாகுளம், பவநகர், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் புகையிலைப் பழக்கம் உடைய 36,000 பேரிடம் நேரில் பேசியும் பரப்புரை செய்தும் நடத்திய ஆய்வின் முடிவைப் பிரகாஷ் குப்தா உள்ளிட்டோர் 1986இல் லான்செட்டில் வெளியிட்டனர். பலர் பழக்கத்தை விட்டனர் அல்லது குறைத்தனர்; வெண்படலம் புதிதாகத் தோன்றுவதும் குறைந்தது. எளிய அறிவுரைக்கும் மருந்துக்குரிய ஆற்றல் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது கேள்வி, பரிசோதனையை மருத்துவரே செய்ய வேண்டுமா என்பது. இதற்கான விடை இலங்கையிலிருந்து வந்தது. அங்கு 34 அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து, ஓராண்டில் 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைப் பரிசோதிக்கச் செய்தனர். மருத்துவர் இல்லாத சிற்றூர்களிலும் பணியாளரின் கண்களே நோயை இனங்காணப் போதும் என்பதை வர்ணகுலசூரியவும் அவர்தம் குழுவினரும் 1984இல் எடுத்துரைத்தனர்.

இறுதியானதும் கடினமானதுமான கேள்வி, பரிசோதனை உயிரைக் காக்கிறதா என்பது. திருவனந்தபுரத்தில் சங்கரநாராயணன் தலைமையில் 1996இல் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை கண்டது. 13 ஊராட்சிகளில் 7இல் வீடுவீடாகப் பரிசோதனை நடந்தது; எஞ்சிய 6 ஊராட்சிகள் ஒப்பீட்டுக்காக வழக்கமான மருத்துவ வசதியோடு விடப்பட்டன. 35 வயதைக் கடந்த 1,90,000க்கும் மேற்பட்டோர் இதில் அடங்குவர். 2005இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலை அல்லது மதுப்பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு பரிசோதனையால் 34 விழுக்காடு குறைந்தது. பழக்கமே இல்லாதோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது உறுதியாகச் சொல்லத்தக்க பயன் தெரியவில்லை. பரிசோதனை யாரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதை இவ்வேறுபாடு தெளிவாகக் காட்டிற்று. அதே ஆய்வில் ஐயத்துக்குரிய மாற்றம் கண்டு மருத்துவரிடம் அனுப்பப்பட்ட 5,145 பேருள், சென்றவர் 3,218 பேரே. மூவரில் ஒருவர் செல்லவில்லை.

சட்டமும் திட்டமும்

அறிவியல் கண்ட முடிவுகள் மெல்லச் சட்டமாயின. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம், 18 வயது நிறையாதோருக்கு விற்பதையும் கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்பதையும் தடை செய்தது. 2013 மே மாதம் தமிழக அரசு குட்காவையும் புகையிலை கலந்த பான்மசாலாவையும் தடை செய்தது. 2016இல் நடுவண் அரசு, 30 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்யும் திட்டத்தை வகுத்தது. 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கி, சர்க்கரை, இரத்த அழுத்த நோய்களுக்கான மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டு சென்றது.

ஏட்டில் உள்ள திட்டத்திற்கும் நாட்டில் நடப்பதற்கும் இடையிலான தொலைவு பெரிது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுடையோருள் எப்போதேனும் ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள், நாடு முழுவதிலும் ஆண்களில் 1.2 விழுக்காடு, பெண்களில் 0.9 விழுக்காடு. 2016–17இன் புகையிலைக் கணக்கெடுப்பின்படி வயது வந்த இந்தியரில் 21.4 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர். இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. நோய் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் இருக்கிறது, பார்ப்பவர்தாம் இல்லை.

அச்சரப்பாக்கத்திற்கு இவ்வரலாறு கூறுவது

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் மதுராந்தகத்தை அடுத்து அமைந்துள்ள அச்சரப்பாக்கம், மருத்துவ வசதிக்கு வெகுதொலைவில் உள்ள ஊரன்று. 1965 முதல் இயங்கும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி அருகில் உள்ளது. காரப்பேட்டை மருத்துவமனையும் அடையாறும் ஒரு நாளில் சென்று திரும்பும் தொலைவில் உள்ளன. வறியோர்க்குச் சிகிச்சைச் செலவை ஏற்க முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. ஆகவே இங்குத் தடையாக நிற்பது தொலைவு அன்று. முதல் அடையாளம் கண்டவுடன் செல்லாமல் தாழ்த்துவதே.

ஊர்தோறும் அறக்கட்டளைகள் நடத்தும் மருத்துவ முகாம்களுக்கு இவ்வரலாறு மூன்று பாடங்களை விட்டுச் சென்றுள்ளது. முதலாவது, முகாமுக்குத் தாமாக வருவோர் பெரும்பாலும் உடல்நலத்தில் அக்கறை உடையோர். புகையிலை மெல்லும் உழவுத் தொழிலாளரும் கட்டடத் தொழிலாளரும் கடலோர மீனவரும் அந்நேரத்தில் வேலையில் இருப்பர். திருவனந்தபுரத்து ஆய்வில் பயன் பெற்றோர் பழக்கம் உடையோரே. எனவே அவர்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில், அவர்கள் கூடும் இடத்திற்கு முகாம் செல்ல வேண்டும். இரண்டாவது, பரிசோதனையின் எண்ணிக்கை முகாமின் வெற்றிக்கு அளவுகோலாகாது. ஐயம் கண்டு அனுப்பப்பட்ட ஒவ்வொருவரும் மருத்துவமனையை அடைந்தாரா, திசுப் பரிசோதனை முடிந்ததா என்று பெயர்வாரியாகத் தொடர்ந்து பார்க்கும் ஒருவர் இருந்தாலன்றி, முகாமின் பாதிப் பயன் வழியிலேயே சிந்திப் போகும். மூன்றாவது, வாயைப் பார்ப்பதோடு பழக்கத்தை விடுமாறு நேரில் அன்போடு எடுத்துரைப்பதும் சிகிச்சையின் பகுதியே. பழக்கத்தை விட முயல்வோர்க்குத் துணைபுரியும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356 முகாமில் அனைவர் கண்ணிலும் படுமாறு எழுதப்பட்டிருத்தல் நன்று.

வீடுகளில் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, பல்செட் அணிந்தோர் அதனைக் கழற்றிவிட்டு, உதடு, கன்னங்களின் உட்புறம், ஈறு, நாக்கின் இரு பக்கங்கள், நாவின் அடி, அண்ணம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், துடைத்தால் நீங்காத வெண்மை அல்லது சிவப்புப் படலம், காரம் பட்டால் எரிச்சல், வாய்த்திறப்பு குறைதல், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் பல் மருத்துவரையோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ நாட வேண்டும். இவ்வடையாளங்களுள் பெரும்பாலானவை புற்றாக இரா. எனினும் அதனை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவரே. நோய் வலிக்கும் வரை காத்திருப்பது தவறு. தொடக்க நிலையில் வாய்ப்புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் ஆகிய நால்வகைக் கொடைகளைப் போற்றிய மரபில், மருந்துக்கொடை என்பது நோயுற்றோர்க்கு மருந்து அளிப்பதோடு முடிந்துவிடுவதில்லை. நெய்யூரில் சாமர்வெல் முற்றிய நோயோடு போராடிய காலத்தில் முன்கூட்டி அறியும் வழி வகுக்கப்படவில்லை. இன்று வழி வகுக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, பயன் உறுதிசெய்யப்பட்டுள்ளது. அதற்குத் தேவையானவை ஒரு விளக்கு, ஓர் இணைக் கையுறை, பயிற்சி பெற்ற ஒரு பணியாளர், அனுப்பப்பட்டவரின் வீட்டிற்கு மறுவாரம் சென்று விசாரிக்கும் ஓர் அன்பர். இந்நான்கும் அச்சரப்பாக்கம் போன்ற ஓர் ஊரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை அல்ல.